ஆக்லாந்துக்கு ஒரு சம்மதம்

செவ்வாய்க்கிழமை பிரபா போனில் கேட்டதற்குக் கிஷோர் இன்னும் பதில் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். அவளும் வற்புறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் கிருத்திகாவைக் கூட்டிப்போக வரும்போது பேசிக்கொள்ளலாம் என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இன்று.

விஷயம் இதுதான். நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்து மருத்துவமனை ஒன்றில் பிரபாவுக்கு வேலை கிடைத்திருக்கிறது. இங்கே பதினோரு வருஷமாகப் பார்க்கும் அதே வேலைதான், இதயத்துக்கு எக்கோ எடுப்பது. ஏப்ரலில் போய்ச் சேர வேண்டும். பத்து வயது கிருத்திகாவையும் உடன் அழைத்துப்போக நினைக்கிறாள். விவாகரத்தின்போது குழந்தை அம்மாவிடம், ஞாயிற்றுக்கிழமைகள் அப்பாவுக்கு என்று தீர்ப்பாகியிருந்தது. அதனால் குழந்தையை நாட்டைவிட்டு அழைத்துப்போக அப்பாவின் சம்மதம் வேண்டும். கிஷோர் கையெழுத்துப் போட்டால் ஆக்லாந்து. போடாவிட்டால் இதே பெங்களூரு, இதே மல்லேஸ்வரம்.

வக்கீல் ஓஸ்வால்ட் போடாதே என்றுதான் சொன்னார். நீ எதுவும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தாலே போதும், அவர்கள் போக முடியாது என்றார். கேட்க எளிதாக இருந்தது. கிஷோரும் அப்படித்தான் முடிவு செய்திருந்தான்.

நகரத்துக்கு வெளியே, ஆனேக்கல் தாண்டி, பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸில் அவன் ரோஜா வளர்க்கிறான். ஜனவரிக் கடைசி. காதலர் தினத்துக்காக ஊர் ஊராகப் பூக் கேட்கும் சமயம். ஞாயிற்றுக்கிழமை என்று பார்த்தால் வேலை நடக்காது. ஆனாலும் விடியற்காலையில் வெட்டிய பூவை எல்லாம் குளிர் அறைக்குள் அடுக்கிவிட்டு, லாரிக்காரனிடம் சொல்லிவிட்டு, பைக்கை பொம்மசந்திராவில் நிறுத்தி மெட்ரோ ஏறிவிட்டான்.

ரயிலில் அவனுக்கு ஒரே நினைப்பு. அவன் வளர்த்த ரோஜா ஆக்லாந்துக்குப் போயிருக்கிறது. அவன் போனதில்லை. அந்த நாட்டுக்குப் போகும் பூவின் தண்டை ஒரு மருந்தில் முக்கி அனுப்ப வேண்டும். யாரும் அதை மண்ணில் நட்டு முளைக்க வைத்துவிடக் கூடாது என்பது அவர்கள் சட்டம். இரண்டு வருஷமாக அந்த வேலையை யோசிக்காமல் செய்துகொண்டிருந்தவனுக்கு, இந்த வாரம் தண்டுகளை முக்கும்போது கை தயங்கியது.

ஆர்.வி. ரோட்டில் மாறி, சம்பிகே ரோட்டில் இறங்கி, பதினைந்தாவது கிராஸுக்கு நடந்தான். தள்ளுவண்டிகளில் அவரைக்காய் குவிந்து கிடந்தது. அந்த வாசனை தெரு முழுக்க இருந்தது.

கிருத்திகா வழக்கம்போல மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து காத்திருந்தாள். மடியில் ஒரு சின்ன உலக உருண்டை. மேலே பால்கனியில் பிரபா நின்றாள். தலையை அசைத்தாள். கிஷோரும் அசைத்தான். மூன்று வருஷமாக அவர்களுக்குள் இவ்வளவுதான். அவன் படி ஏறுவதில்லை, அவள் இறங்குவதில்லை.

பெரிய குற்றம் எதுவும் அவர்களைப் பிரிக்கவில்லை. வைட்ஃபீல்டில் ஏ.சி. அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவன், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு ரோஜா வளர்க்கப் போகிறேன் என்றான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அவன் ஆனேக்கலிலேயே தங்க ஆரம்பித்தான். அவளுக்கு ஷிப்டு மாறி மாறி வந்தது. வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றும்போது இன்னொருவர் மாட்டிக்கொண்டிருப்பார். முதலில் சண்டை போட்டார்கள். பிறகு சண்டை போடவும் நேரமில்லாமல் போயிற்று. அதற்கப்புறம்தான் பிரிந்தார்கள்.

சாங்கி ஏரிக்கரையில் அப்பாவும் மகளும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். உருண்டை எதற்கு என்று கேட்டான். பள்ளியில் புராஜெக்ட் என்றாள். ஒன்றுக்கொன்று ரொம்பத் தள்ளி இருக்கும் இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்ள வேண்டும். விமானத்தில் போனால் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், இங்கே இத்தனை மணி என்றால் அங்கே எத்தனை மணி, எல்லாம் கண்டுபிடித்துச் சார்ட்டில் எழுத வேண்டும். வகுப்பில் பாதிப்பேர் லண்டன் எடுத்திருக்கிறார்களாம், மீதிப்பேர் நியூயார்க்.

"நீ எந்த ஊர் எடுத்தே?"

"ஒண்ணு பெங்களூரு. இன்னொண்ணு ஆக்லாந்து."

கிஷோர் ஏரியைப் பார்த்தான். குழந்தையிடம் இன்னும் சொல்லவில்லை என்று பிரபா செவ்வாய்க்கிழமை சொல்லியிருந்தாள். இரண்டு அறை உள்ள வீட்டில் பத்து வயதுக் குழந்தைக்குத் தெரியாமல் எதைத்தான் பேச முடியும்?

கிருத்திகா பாவாடைப் பையிலிருந்து நூல்கண்டை எடுத்தாள். அட்லஸில் ஸ்கேல் வைத்து அளந்தால் தப்பாக வரும், உருண்டை மேல் நூல் வைத்துத்தான் அளக்க வேண்டும் என்று மிஸ் சொன்னதாகச் சொன்னாள். நூலின் ஒரு நுனியைப் பெங்களூரில் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அவன் பிடித்துக்கொண்டான். மறு நுனியை அவள் இழுத்துக்கொண்டு போனாள். நூல் வங்காள விரிகுடாவைத் தாண்டி, சிங்கப்பூருக்குக் கீழே உள்ள தீவுகளை உரசி, ஆஸ்திரேலியாவின் குறுக்கே போயிற்று. ஆக்லாந்து கிட்டத்தட்ட உருண்டையின் அடிப்பக்கம் இருந்தது. அதைப் பார்க்க அவள் குனிய வேண்டியிருந்தது. அவன் விரலும் அவள் விரலும் உருண்டையின் இரண்டு பக்கத்தில் இருந்தன.

நூலை ஸ்கேலில் வைத்துப் பார்த்து, மனக்கணக்குப் போட்டாள்.

"பதினோராயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். நேரா ஃபிளைட் கிடையாது. சிங்கப்பூர்ல இறங்கி மாறணும்."

ஆனேக்கலிலிருந்து மல்லேஸ்வரம் வருவதையே அவன் இத்தனை நாளாகத் தூரம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். சில்க் போர்டு சிக்னலில் பஸ் நகராமல் நின்ற ஞாயிறுகளில் இறங்கி நடந்துகூட வந்திருக்கிறான்.

"அப்பா, நீ வேலை முடிஞ்சு எத்தன மணிக்கு ஃப்ரீ ஆவே?"

"லாரி கிளம்பினதுக்கப்புறம்தான். ராத்திரி எட்டு ஆயிடும்."

விரல்களை மடக்கி எண்ணினாள். "அங்க அப்போ விடியக்காலை மூணரை. நான் தூங்கிட்டு இருப்பேன்." சொன்ன பிறகு நிறுத்தினாள். "அங்க இருக்கறவங்க தூங்கிட்டு இருப்பாங்க," என்று மாற்றிச் சொன்னாள்.

உனக்குப் போகப் பிடிக்குமா என்று கேட்டுவிட வேண்டும் போல இருந்தது. வாய் வரைக்கும் வந்தது. பிடிக்கும் என்று சொன்னாலும் அவனால் தாங்க முடியாது, பிடிக்காது என்று சொன்னாலும் தாங்க முடியாது. பாதாம் பால் குடிக்கிறாயா என்று கேட்டான்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, சார்ட்டை முடிக்க வேண்டும் என்று அவளே சீக்கிரம் திரும்பலாம் என்றாள். வீட்டுக்கு வந்ததும் உருண்டையைக் காட்டக் கீழ்வீட்டு ஜானகி அம்மாவிடம் ஓடிவிட்டாள். வீட்டுச் சொந்தக்காரர் அவர். பிரபாவுக்கு மாலை ஷிப்டு விழும் நாளில் கிருத்திகா அங்கேதான் இருப்பாள்.

கிஷோர் படியடியில் நின்றான். மேலேயிருந்து குரல் வந்தது.

"மேல வாங்க. உக்காந்து பேசலாம்."

மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தப் படியில் ஏறினான். உள்ளே ஒன்றும் பெரிதாக மாறவில்லை. சோபாவின் இடம் மட்டும் மாறியிருந்தது. பிரபா தரையில் உட்கார்ந்து, ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். ஜனவரி வந்தால் அந்த வீட்டில் பிதுக்கம்பருப்புக் குழம்பு இல்லாத ஞாயிறு கிடையாது. அவனும் எதிரே உட்கார்ந்தான். சற்று நேரம் கழித்துத்தான் தானும் பிதுக்கிக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது. தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம். இரண்டு பேர் கையும் ஒரே பாத்திரத்துக்குள் போய்வந்தன.

வரும் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை அவன் சொன்னான்.

"நான் சம்மதிக்கப் போறதில்ல, பிரபா."

அவள் கை நிற்கவில்லை. "சரி. வரலன்னு அவங்களுக்கு எழுதிடறேன்."

அவ்வளவுதான். அவன் காத்திருந்தான். அவள் சத்தம் போடுவாள், அழுவாள், பழைய கதை எல்லாம் எடுப்பாள் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தான். அவற்றில் ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. ஏதோ மாடிப்படி இன்னும் ஒன்று இருக்கிறது என்று காலைத் தூக்கி வைத்துத் தடுமாறினவன் மாதிரி ஆகிவிட்டான்.

கோர்ட்டுக்குப் போகலாமே என்று அவனே எடுத்துக் கொடுத்தான்.

"போகலாம். ஜெயிக்கலாம்னுதான் என் வக்கீலும் சொல்றாரு. ஆனா அங்க போனா, நீங்க நல்ல அப்பா இல்லன்னு நான் சொல்லணும். மெட்ரோ இல்லாத காலத்துல, மழையில நனைஞ்சுகிட்டு வந்து இந்தப் படியில நின்னிருக்கீங்க. அதைப் பார்த்துட்டு நான் எப்படி அப்படிச் சொல்வேன்?"

ஒரு கொட்டையை வெகுநேரம் விரலிடையில் உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு, எதற்காக இவ்வளவு தூரம் போக நினைத்தாய் என்று கேட்டான். செவ்வாய்க்கிழமையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அங்கே பகல் வேலை மட்டும்தான் என்றாள் பிரபா. பள்ளி விடும் நேரத்துக்குச் சற்றுப் பின்னால் அவள் வேலையும் முடிந்துவிடும். இங்கே வாரத்தில் பாதி நாள் அவள் வரும்போது கிருத்திகா ஜானகி அம்மா வீட்டு சோபாவில் யூனிஃபார்மோடு தூங்கிக்கொண்டிருக்கிறாள். எழுப்பி மாடிக்கு நடத்திக்கொண்டு வரும்போது, அம்மா நாளைக்கும் லேட்டா என்று தூக்கத்திலேயே கேட்கிறாள். அதைச் சொல்லிவிட்டுப் பிரபா கொஞ்சம் தண்ணீர் குடித்தாள்.

"இன்னொண்ணும் இருக்கு. அதைச் சொல்ல வேண்டாம்னு நினைச்சேன். இந்த ஊர்ல எந்தத் தெருவுல திரும்பினாலும் நாம ரெண்டு பேரும் நடந்த தெருவா இருக்கு. காய் வாங்கப் போனாக்கூட. நம்மைத் தெரியாத ஒரு ஊர்ல கொஞ்ச நாள் இருக்கணும் போல இருக்கு எனக்கு."

வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

கிஷோர் அவள் முகத்தைப் பார்த்தான். மூன்று வருஷமாகப் பால்கனியில் பார்த்த முகத்தை இன்றுதான் பக்கத்தில் பார்க்கிறான். கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது. காதோரம் நரை.

போகக் கூடாது என்று அவன் நினைத்தது குழந்தைக்காக மட்டும் இல்லை. அது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பிரபா மல்லேஸ்வரத்தில் இருக்கும் வரைக்கும், ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மேலே வாங்க என்று கூப்பிடுவாள் என்று அவன் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறான். யாரிடமும் சொன்னதில்லை, தனக்குத்தானேகூட. அவளும் இன்று கூப்பிட்டுவிட்டாள். தன்னை விட்டுவிடச் சொல்லிக் கேட்பதற்காகக் கூப்பிட்டாள்.

அவளைப் பிடித்து வைத்துக்கொள்ளக் குழந்தையைக் கயிறாகப் பிடித்துக்கொண்டிருந்தோமா என்று நினைத்தபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"எழுத வேண்டாம்," என்றான்.

"எதை?"

"வரலன்னு எழுத வேண்டாம். நான் கையெழுத்துப் போடறேன். டிசம்பர் லீவுக்கு மட்டும் அவளை இங்க அனுப்பிடு. வாரத்துல ஒரு தடவை முகம் பார்த்துப் பேசணும். அவ தமிழ் மறந்துடக் கூடாது. வேற ஒண்ணும் வேண்டாம்."

டிசம்பரில் அவனுக்கு வேலை நெரிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று கேட்டாள். பார்த்துக்கொள்வேன் என்றான். அவள் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையெல்லாம் அவரைத்தோல்.

இரண்டு பேரும் மிச்சக் கொட்டையைப் பிதுக்கி முடித்தார்கள். பிரிந்த பிறகு இருவரும் இவ்வளவு நேரம் சண்டையில்லாமல் ஓரிடத்தில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. அவள் காபி கலந்து வந்து கொடுத்தாள். சர்க்கரை சரியாக இருந்தது.

குழந்தையிடம் சேர்ந்தே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். பிரபா பால்கனியிலிருந்து கூப்பிட்டாள்.

கிருத்திகா உருண்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் வாசலிலேயே ஒரு நிமிஷம் நின்றுவிட்டாள். பிறகு வந்து இரண்டு பேருக்கும் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

பிரபாதான் ஆரம்பித்தாள். வேலை, ஊர், கடல், வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் பள்ளி, எல்லாம் சொன்னாள். கிஷோர் நடுவில் புகுந்து, அப்பா சரி என்று சொல்லிவிட்டேன், நீ சந்தோஷமாகப் போய்வா, டிசம்பரில் வந்து நம்ம ரோஜா எல்லாம் பார்க்கலாம் என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். நன்றாகவே சொன்னதாக நினைத்தான்.

குழந்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது.

"அம்மா போகட்டும். நான் வரல. நான் அப்பாகூட இருக்கேன்."

கிஷோரின் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. அதை அவனால் தடுக்க முடியவில்லை. காலையில் இந்த வார்த்தை காதில் விழுந்திருந்தால் பொம்மசந்திரா வரைக்கும் பறந்தே போயிருப்பான். அடுத்த கணம் பிரபாவைப் பார்த்தான். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏன்டா கண்ணா?" என்று மட்டும் கேட்டாள் பிரபா.

கிருத்திகா உருண்டையை மெல்லச் சுற்றினாள். யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"உனக்கு அங்க ஃபிரண்ட்ஸ் கிடைப்பாங்கம்மா. நீ யார்கிட்ட வேணா பேசிடுவே. அப்பாவுக்கு யாரு இருக்கா? ஞாயித்துக்கிழமை நான் இல்லன்னா அப்பா எங்க போகும்?"

கிஷோருக்கு அந்தத் துள்ளல் அப்படியே அடங்கியது. மகள் தன்னோடு இருக்க ஆசைப்படவில்லை. தன்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறாள். ஒவ்வொரு ஞாயிறும் அவன் சிரித்துக்கொண்டு வந்து, சிரித்துக்கொண்டு போனதாக நினைத்தானே, அந்தச் சிரிப்பின் பின்னால் இருந்ததை எல்லாம் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பத்து வயதில் ஒரு குழந்தை தூக்க வேண்டிய சுமையா இது?

பிரபா அவன் பக்கம் திரும்பினாள். காலையில் அவளிடம் ஏதாவது சொல்லிக்கொடுத்தீர்களா என்று கேட்பாளோ என்று பயந்தான். அவள் அப்படிக் கேட்கவில்லை. நீங்களே சொல்லுங்கள் என்பது போலப் பார்த்தாள். அவனை நம்பிப் பார்த்தாள். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அப்பாவுக்கு ஒன்றும் இல்லை, அப்பா நன்றாக இருக்கிறேன் என்று சொல்லலாம். அவள் நம்ப மாட்டாள். போய்த்தான் ஆக வேண்டும் என்று அதட்டலாம். அதற்கு அவனுக்கு மனம் வரவில்லை. கடைசியில் வேறு ஒன்றைச் சொன்னான்.

"நாளைக்கு ஸ்கூலுக்கு லீவு போடறியா? இப்பவே ஆனேக்கல் வா. நாளைக்கு முழுக்க என்கூட இரு. நான் எப்படி இருக்கேன்னு நீயே பாரு. பார்த்துட்டு அப்புறம் சொல்லு."

தீர்ப்பில் அவனுக்கு ஞாயிறு பகல் மட்டும்தான். ஒரு இரவுகூட மகள் அவன் வீட்டில் தங்கினது கிடையாது. அந்த இடம் குழந்தை தங்குகிற மாதிரி இல்லை என்று அன்றைக்குக் கோர்ட்டில் வாதாடியது பிரபாவின் வக்கீல்தான்.

பிரபா எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் கிருத்திகாவின் பள்ளிப் பை இருந்தது. அதிலிருந்த புத்தகங்களைச் சோபாவில் எடுத்து வைத்துவிட்டு, இரண்டு உடுப்பையும் ஸ்வெட்டரையும் மடித்து வைத்தாள். ஆனேக்கல் பக்கம் காலையில் பனி அதிகம், காதை மூடிக்கட்டுங்கள் என்றாள்.

மெட்ரோவில் கிருத்திகா அவன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கிஷோர் தன் இருப்பிடத்தை நினைத்துப் பார்த்தான். பாக்கிங் ஷெட்டை ஒட்டிய ஒற்றை அறை. ஒரு கட்டில். ஒரு தட்டு, ஒரு டம்ளர். விடிவதற்கு முன்னால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பூ வெட்டப் போக வேண்டும்.

போகிற வழியில் இன்னொரு தட்டு வாங்கி, அறையைக் கூட்டிப் பெருக்கி, நாலு பேரை அழைத்துச் சிரித்துப் பேசி, அப்பாவுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை என்று காட்டிவிடலாம். குழந்தை நிம்மதியாக விமானம் ஏறிவிடுவாள். எதையும் மறைக்காமல் உள்ளதை உள்ளபடி காட்டினால், அவள் இங்கேயே இருந்துவிடுவாள்.

பொம்மசந்திரா வந்தது. மகளை எழுப்பி, ஸ்வெட்டரை மாட்டிவிட்டு, பைக்கில் முன்னால் உட்கார வைத்தான். கடைவீதியில் பாத்திரக்கடை இன்னும் திறந்திருந்தது. வண்டியை அதன் எதிரே நிறுத்தினான். இறங்கலாமா வேண்டாமா என்று தெரியாமல், எஞ்சினை அணைக்காமல், அப்படியே உட்கார்ந்திருந்தான்.